ஆட்டின் மடியும் நம் அமானிதமும்



இறைத்தூதர்கள் யாவரும் ஆடு மேய்த்தவர்களே என்பதை மக்தபில் பயிலும் சிறுவர்களும் அறிவார்கள். நம் நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சொற்பக் கூலிக்கு மேய்த்திருக்கிறார்கள் என்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், "மேய்க்கிறதுக்கு இங்க இடம் ஏது ஹஜ்ரத்?" என்று யாரேனும் ஒரு மாணவன் கேட்டுவிடுகிறான். கேட்பவனைக் குறை சொல்ல இயலாது. நாங்கள் வாழ்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. அடுத்து ஒரகடம், மாத்தூர், வல்லம் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. அறுவடை முடிந்த வயல்களிலும், நீர் வற்றிய ஏரியின் உள்வாயிலும், மேய்க்கால் புறம்போக்கிலும் ஆடுகள் மேய்ந்த காலத்தை எம் வயதினர் கண்ணால் கண்டிருக்கிறோம். அந்த இடங்களில் பலவற்றை இன்று சுற்றுச்சுவர்கள் வளைத்து நிற்கின்றன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை.

இருந்தும் ஆடுகள் மறைந்துவிடவில்லை. வீட்டின் பின்புறத்தில், தார்ப்பாய்க் கூரையின் கீழ், இரண்டோ மூன்றோ வெள்ளாடுகள் நிற்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல உண்டு. கணவர் ஒப்பந்தத் தொழிலாளராக ஆலைக்குச் சென்றுவிட, அவற்றைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. குட்டியை விற்ற பணம் பள்ளிக் கட்டணத்துக்கு உதவுகிறது; பால் வீட்டிலுள்ள முதியோருக்குப் பயன்படுகிறது. எங்கள் வீட்டிலும் நான்கு ஆடுகள் உள்ளன.

சென்ற ஆண்டு எம் மாணவர் ஒருவரின் தாயார் மக்தபுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் மூன்று ஆடுகள். மாமனாருக்கு ஆட்டுப்பால்தான் ஒத்துக்கொள்கிறது. ஆனால் குட்டி குடித்தது போகக் கால் லிட்டரும் தேறவில்லை. "பால் கூடுறதுக்கு ஊசி இருக்காம் ஹஜ்ரத். போடச் சொல்றாங்க. மார்க்கத்துல கூடுமா? கூடாதுன்னா ஆட்ட வித்துடலாம்னு இவரு சொல்றாரு." கூடும், கூடாது என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால் விடைக்குப் பின் அந்த ஆடு கசாப்புக்குப் போவதா, கொட்டிலில் நிற்பதா என்ற முடிவு காத்திருந்தது. ஆகவே எங்களூர்க் கால்நடை மருத்துவரையும் கலந்து, அவருக்குக் கூறியதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

முதலில், பால் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். கால்நடைகளின் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து தூய பாலை அருந்தத் தருவதை ஒரு படிப்பினையாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். இன்றைய கால்நடை அறிவியலும் அந்த வழியையே விவரிக்கிறது. தின்ற தழை வயிற்றில் நொதித்து, அதன் சத்து இரத்தத்தில் கலந்து, மடியிலுள்ள நுண்ணிய சுரப்பறைகளில் பாலாகிறது. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் ஊடாகப் பாய வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உட்கொள்ளாத சத்து மடிக்கு வந்து சேர வழியே இல்லை.

அப்படியானால் அந்த ஊசி என்ன செய்கிறது? அதிலிருப்பது ஆக்சிடோசின். குட்டி முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் இயல்பாகவே ஊறும் இயக்குநீர் அது. சுரப்பறைகளைச் சுருங்கச் செய்து, ஏற்கெனவே உள்ள பாலைக் கீழிறக்குவது அதன் வேலை. புதிதாகப் பாலை உண்டாக்குவதன்று. நன்றாகக் கறந்து முடித்த பிறகும் மடியில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். ஊசி பிழிந்தெடுப்பது அந்தப் பங்கைத்தான். வெள்ளாட்டுக்கு அதன் தேவையும் குறைவு. பசுவைப் போலன்றி, ஆட்டுமடியில் பாலின் பெரும்பகுதி கீழ்ப்பையிலேயே தேங்கி நிற்பதால், இதமாகத் தடவிவிட்டாலே கறந்துவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு ஹதீஸ் எம் நினைவுக்கு வந்தது. ளிரார் இப்னு அல்அஸ்வர் (ரலி) பால் கறந்தபோது, மடியை முற்றாக வற்றவைத்துவிடாமல், அடுத்த பாலை அழைத்துவரும் பங்கை விட்டுவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி உள்ளது. குட்டிக்கு ஊறு நேருமளவுக்குத் தாயிடம் கறக்கலாகாது, குட்டியின் தேவை போக மிஞ்சியதே உரிமையாளருக்கு என்று நம் ஃபிக்ஹ் நூல்களும் சட்டம் வகுத்துள்ளன. நாட்டின் சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாலைக் கூட்டுவதற்காகக் கறவை விலங்கின் உடல்நலத்துக்குக் கேடான பொருளை ஊசிமூலம் செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. எனவே ஊசி வேண்டாம் என்றோம். ஆனால், ஆட்டை விற்கவும் வேண்டாம்; கேள்வியை மடியிலிருந்து தீவனத் தொட்டிக்கு நகர்த்துங்கள் என்றோம்.

முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லாதிருந்தது. காலையில் அவிழ்த்துவிட்ட ஆடு ஐம்பது வகைச் செடிகளைக் கடித்து, தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்டு மாலையில் திரும்பியது. நம் ஷரீஅத் இந்த வேறுபாட்டை நுட்பமாகக் கவனித்திருக்கிறது. பொதுநிலத்தில் தானாக மேயும் ஆடுகள் 40 ஆகிவிட்டால் ஓர் ஆடு ஸகாத். உரிமையாளர் தீவனமிட்டு வளர்ப்பவற்றுக்கு அந்த ஸகாத் இல்லை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. ஏனெனில் அவர் ஏற்கெனவே தம் செல்வத்திலிருந்து அவற்றின் செலவைச் சுமக்கிறார். எங்கள் பகுதியில் நிலம் சுமந்துவந்த அந்தச் செலவு நம் தோளுக்கு மாறிவிட்டது. கட்டிவைத்த ஆட்டின் பசிக்கு முழுப் பொறுப்பாளி கயிற்றைக் கட்டியவர்தான். பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல் விட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாதார் நம்மில் யார்?

இனி நடைமுறைக்கு வருவோம். ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனமும், கால் கிலோ அளவு அடர் தீவனமும், சிறிது கடலைக்கொடி போன்ற உலர் தீவனமும் வேண்டும். அடர் தீவனம் என்பது மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு ஆகியவற்றின் கலவை. நூறு கிலோவுக்கு 2 கிலோ தாது உப்புக் கலவையும் 1 கிலோ சாதாரண உப்பும் சேர்ப்பார்கள். அதிகம் கறக்கும் ஆட்டுக்குப் பாலின் அளவுக்கேற்பக் கலவையைக் கூட்டித் தர வேண்டும். ஒரே நாளில் கூட்டாமல், ஒரு வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டுவது நல்லது.

பசுந்தீவனத்துக்கு இடமில்லையே என்பார்கள். எங்கள் வீட்டு வேலியே அகத்தியும் கிளைரிசிடியாவும் சவுண்டலும்தான். மூலையில் ஒரு முருங்கை. குளிக்கும் நீர் ஓடும் இடத்தில் கோ-4 கம்பு நேப்பியர் கரணை நட்டிருக்கிறோம். முதல் அறுவடைக்கு 75 நாட்கள். பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை வெட்டலாம். சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் சிறிதளவு உள்ளதால், மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அதைத் தருவதில்லை. தழையைத் தரையில் போடாமல் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு ஆவலாகத் தின்னும். மிதித்து அழுக்காக்கியதை அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

நம் சமூகத்தார் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வலீமா விருந்தில் மிஞ்சிய சோற்றையும் பிரியாணியையும், ஆலை உணவகங்களிலிருந்து வரும் மீந்த சோற்றையும் ஆட்டுக்கு வாரிக் கொட்டுகிறார்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் சோறு மிகுதியாகச் சென்றால் ஆட்டின் வயிற்றில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடக்கூடும். எலும்பும் இறைச்சியும் கலந்த உணவோ ஆட்டுக்கு உரியதே அன்று. அதனோடு நெகிழிப் பைகளும் உள்ளே சென்று வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. விருந்து உணவு மனிதர்களுக்கே போய்ச் சேரட்டும். பசித்த தொழிலாளர்கள் வாடகை அறைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே. கறவை ஆட்டின் முன் தூய நீர் எப்போதும் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் ஆடு தீனியைக் குறைத்துவிடும்; பாலும் குறைந்துவிடும். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதிகாலையிலும் மாலை மங்கிய பிறகும் தீவனத்தைத் தந்தால் அந்த இழப்பைப் பெருமளவு தடுக்கலாம்.

பலர் குட்டி ஈன்ற பிறகுதான் ஆட்டைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். அதில் கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் கருவிலிருக்கும் குட்டி பெரும்பகுதி வளர்ச்சியை அடைகிறது. அடுத்த கறவைக்காக மடியும் அப்போதே ஆயத்தமாகிறது. அந்நாட்களில் கறவையை நிறுத்தி, மடிக்கு ஓய்வு தந்து, அடர் தீவனத்தைக் கூட்டினால், ஈன்ற பின் வரும் பாலில் அதன் பலன் தெரியும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை எட்டும். அந்த வாரங்களில் பசியால் சரிந்த பாலைப் பின்னர் எவ்வளவு தீனி போட்டாலும் அந்த ஈற்றில் முழுமையாக மீட்க முடியாது. குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்துவிட வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி என்பது கணக்கு. அது குட்டியின் நோயெதிர்ப்புச் செல்வம். அதில் நமக்குப் பங்கில்லை.

நோயைத் தடுக்காமல் இட்ட தீவனம் பாதி வீணாகும். குடற்புழு நீக்கத்தைக் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்ய வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம். நாடும் ஊசிகள் இவையாக இருக்கட்டும் என்று அந்தச் சகோதரியிடம் கூறினோம்.

கறக்கும் கையைப் பற்றியும் மார்க்கம் பேசியிருக்கிறது. ஸவாதா இப்னு ரபீஉ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், கால்நடைகளின் இளங்குட்டிகளுக்கு நன்கு உணவளிக்குமாறும், கறக்கும்போது மடியைக் கீறிவிடாதபடி நகங்களை வெட்டிக்கொள்ளுமாறும் அவர்தம் குடும்பத்தாரிடம் சொல்லச் சொன்னார்கள் என முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். இன்று மடிவீக்க நோயைப் பற்றி மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரையும் இதுவே. காம்பில் ஏற்படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசலாகிவிடும். கையையும் மடியையும் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுகளை ஒரு கறுப்புத் துணியில் விட்டுத் திரிந்திருக்கிறதா என்று பார்த்து, கட்டைவிரலை மடக்கி இழுக்காமல் முழுக் கையால் அழுத்திக் கறக்க வேண்டும். இரு கறவைகளுக்கு நடுவே ஏறத்தாழ சமமான இடைவெளி தேவை. மடி நெடுநேரம் நிறைந்தே இருந்தால் சுரப்பு தானாகத் தளர்ந்துவிடும். குட்டி இருக்கும் வரை, நாம் கறந்தபின் அதைக் குடிக்கவிட்டால் அதன் உரிமையும் நிறைவேறும். மடியும் சுரந்துகொண்டே இருக்கும். கிடாவைக் கறவைக் கொட்டிலிலிருந்து தள்ளிக் கட்டினால் பாலில் வாடை ஏறாது. கறந்த பாலைக் காய்ச்சியே அருந்த வேண்டும். பச்சைப் பாலின் வழியே புருசெல்லா என்னும் கன்று வீச்சுநோய்க் கிருமி மனிதரைத் தொற்றும். ஆறு மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. ஆட்டுப்பால் அதற்கு மாற்றாகாது.

இத்தனையும் செய்தபின் எவ்வளவு பால் கிடைக்கும்? அது இனத்தைப் பொறுத்தது. நம் மாநிலத்தின் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவை இறைச்சிக்குப் பேர்போனவை. தம் குட்டிகளை வளர்ப்பதற்கு மேல் அதிகம் கறப்பதில்லை. வட கேரளத்தின் தலைச்சேரி ஆடு நன்கு பேணினால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கறக்கும். அரபு வணிகர்களோடு வந்த ஆடுகள் மலபார் ஆடுகளோடு கலந்து உருவான இனம் அது என்பர். ஐரோப்பாவின் சானன் ஆடு மூன்று லிட்டருக்கும் மேல் கறக்கலாம். அதைக் கண்டு நம் கொட்டிலிலுள்ள சிறிய ஆட்டைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தலைச்சேரி ஆடுகளை வளர்த்து ஆய்வு செய்துவரும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பண்ணை, காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ளது, எங்களுக்குத் தொலைவில்லை. அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடு வளர்ப்போருக்குப் பயிற்சியும் அளிக்கிறார்கள். நம் சகோதரிகள் கூச்சமின்றிச் சென்று கேட்டறியலாம்.

வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு கட்டளை உண்டு. அதிகப் பால் இருப்பதாகக் காட்ட, கறக்காமல் மடியைக் கட்டிவைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரலாம். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் தர வேண்டும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சட்டம் உள்ளது. ஏமாற்றப்பட்டவரும் தாம் அருந்திய பாலுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற நீதியை எண்ணிப் பாருங்கள். ஆகவே சந்தையில் பருத்த மடியைக் கண்டு மயங்காமல், முழுதும் கறந்துவிடச் சொல்லி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் கறந்து பார்த்தபின் விலை பேசுவதே முறை.

கேள்வி கேட்ட சகோதரி ஆட்டை விற்கவில்லை. வேலியில் அகத்தி நட்டார். அடுத்த சினையின் கடைசி வாரங்களில் அடர் தீவனம் தந்தார். இரண்டு குட்டிகள் பிறந்தன. குட்டிகள் குடித்தது போக இப்போது அரை லிட்டர்ச் செம்பு நிறைகிறது. மாமனாரின் குவளைக்குப் பிறகு மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறார். அவருடைய ஆட்டின் இனம் மாறவில்லை. அதற்குரியது அதற்குக் கிடைத்தது, அவ்வளவே.

அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார் என்றோம். ஹிஜ்ரத் பயணத்தில் உம்மு மஅபத் (ரலி) அவர்களின் கூடாரத்தில் நடந்தது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. மந்தையோடு செல்ல இயலாமல் மெலிந்து நின்ற, பாலற்ற ஆடு அது. நபி (ஸல்) அவர்கள் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, அல்லாஹ்வின் பெயர் கூறி மடியைத் தடவிக் கறந்தார்கள். வந்த பாலை முதலில் அப்பெண்மணிக்கும், பின் தோழர்களுக்கும் அருந்தக் கொடுத்து, கடைசியாகவே தாம் அருந்தினார்கள். பால் பெருகியது அவர்களுக்கு அல்லாஹ் அளித்த அற்புதம். அதை நாம் செய்ய இயலாது. அனுமதி கேட்டதையும், பிறருக்குக் கொடுத்தபின் அருந்தியதையும் நாம் பின்பற்ற முடியும்.

அதற்கு ஒரு வழியையும் அவர்களே காட்டியிருக்கிறார்கள். கறவை ஆட்டைப் பால் அருந்துவதற்காக ஒருவருக்குக் கொடுத்து, பின் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு மனீஹா என்று பெயர். நாற்பது நற்பண்புகளுள் மிக உயர்ந்ததாக அதை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாகப் புகாரியில் உள்ளது. ஆட்டை விற்கவும் வேண்டாம், இழக்கவும் வேண்டாம். ஓர் ஈற்றுக்காலம் மட்டும் முதியவரோ நோயாளியோ உள்ள ஏழை வீட்டில் அது கட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஜமாஅத்தில் இதைத் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆடு இரண்டு வைத்திருப்பவர் ஒன்றைத் தரட்டும். பசுந்தழையை மக்தப் வேலியிலிருந்து வெட்டிக்கொள்ளட்டும் என்பது எங்கள் யோசனை. எம் நான்கில் ஒன்று, இன்ஷா அல்லாஹ், வரும் ஈற்றில் அவ்வாறு செல்லும்.

மேய்ச்சல் நிலங்கள் குறைந்துவிட்ட இந்த மண்ணில், வாயற்ற ஜீவன்களின் பசியை அறியும் இதயத்தையும், அவற்றின் குட்டிகளுக்குரியதை விட்டுவைக்கும் கையையும், அண்டை வீட்டாரோடு பகிரும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.